சுங்கவரி: அரசின் வருவாயும் அரசியல் பேரமும்

சுங்கவரி என்பது ஒரு நாட்டின் எல்லையைக் கடந்து வரும் பொருளின் மீது அந்நாட்டு அரசு விதிக்கும் வரி. ஏற்றுமதியாகும் பொருள்கள் மீதும் இதை விதிப்பதுண்டு. ஆனால் இன்றைய நடைமுறையில் இச்சொல் பெரும்பாலும் இறக்குமதி வரியையே குறிக்கிறது. இலங்கையில் இதைத் தீர்வை என்பர். பொருளின் விலையில் இத்தனை விழுக்காடு என்று விதிப்பது ஒரு முறை. கிலோவுக்கு அல்லது டஜனுக்கு இவ்வளவு தொகை என்று விதிப்பது மற்றொரு முறை.

தமிழகத்துக்கு இது பழைய செய்தி. திருக்குறள் அரசனின் செல்வங்களில் ஒன்றாக உல்கு பொருளைச் சொல்கிறது. காவிரிப்பூம்பட்டினத் துறைமுகத்தில் வந்திறங்கிய பண்டங்களுக்குச் சோழனின் புலி முத்திரை இடப்பட்டதைப் பட்டினப்பாலை விவரிக்கிறது. முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்ற பெயரே உண்டு. (நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் செலுத்துவது சாலையைப் பயன்படுத்துவதற்கான கட்டணம். பெயரில் சுங்கம் இருந்தாலும் அது இக்கட்டுரை பேசும் வரி அன்று.)

2018-க்குப் பின், குறிப்பாக 2025-இல், சுங்கவரி உலகெங்கும் தலைப்புச் செய்தி ஆனது. அமெரிக்கா அதை வருவாய்க்கு மட்டுமன்றி, பிற நாடுகளைப் பணிய வைக்கும் கருவியாகவும் கையாண்டதே காரணம்.

வரியைக் கட்டுவது யார்?

"சீனா மீது வரி", "இந்தியா மீது வரி" என்று செய்திகளில் படிக்கும்போது அந்த நாடுகள்தாம் பணம் கட்டுகின்றன என்ற எண்ணம் எழுவது இயல்பு. சட்டப்படி நடப்பது வேறு. சரக்கை வரவழைக்கும் உள்நாட்டு இறக்குமதியாளர்தான் தம் நாட்டுச் சுங்கத்துறையிடம் வரியைச் செலுத்துகிறார். செலுத்திய பிறகே சரக்கு அவர் கைக்கு வருகிறது.

தங்கத்தை வைத்து இதை எளிதில் புரிந்துகொள்ளலாம். இந்தியாவுக்கு வரும் தங்கத்தில் பெரும்பகுதி சுவிட்சர்லாந்து வழியாக வருகிறது. 2024 ஜூலை 23 அன்று தாக்கலான ஒன்றிய அரசின் நிதிநிலை அறிக்கை, தங்கத்தின் இறக்குமதி வரியை 15 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாகக் குறைத்தது. அன்றே சென்னையில் ஒரு பவுன் விலை சுமார் 2,000 ரூபாய் இறங்கியது. உலகச் சந்தையில் தங்கத்தின் விலை அப்படிச் சரியவில்லை. அதுவரை அந்த வரியைச் சுமந்தவர் சுவிட்சர்லாந்துக்காரர் அல்லர், நகைக்கடையில் நின்ற உள்ளூர் வாடிக்கையாளரே என்பதை அந்த ஒரு நாள் விலைப்பட்டியல் காட்டிவிட்டது.

எல்லாப் பொருளுக்கும் கணக்கு இவ்வளவு நேராக இராது. வரியைக் கட்டிய இறக்குமதியாளர் முதலில் ஏற்றுமதியாளரிடம் விலையைக் குறைக்கச் சொல்வார். முடியாவிட்டால் தம் லாபத்தில் கொஞ்சம் விடுவார். எஞ்சியதை விலையில் ஏற்றுவார். யார் எவ்வளவு சுமப்பர் என்பதை முடிவுசெய்வது, யாருக்கு வேறு வழி இருக்கிறது என்பதே. வாங்குபவருக்கு வேறு நாட்டுச் சரக்கு எளிதில் கிடைக்குமானால் விற்பவர் இறங்கி வருவார். கிடைக்காதென்றால் வாங்குபவர் சுமப்பார். 2018, 2019-ஆம் ஆண்டுகளில் அமெரிக்கா விதித்த வரிகளைப் பல பொருளியல் ஆய்வாளர்கள் தனித்தனியே ஆராய்ந்தனர். வரியின் சுமை ஏறக்குறைய முழுவதும் அமெரிக்க இறக்குமதியாளர்கள் மீதும் நுகர்வோர் மீதும் விழுந்தது என்பதே அவர்கள் கண்டது.

அந்த ஆண்டுகளின் துணி துவைக்கும் இயந்திரக் கதை பாடப்புத்தகத்தில் சேர்க்கத் தக்கது. 2018 தொடக்கத்தில் வெளிநாட்டுத் துவைக்கும் இயந்திரங்களுக்கு அமெரிக்கா 20 முதல் 50 விழுக்காடு வரை வரி விதித்தது. இயந்திரத்தின் விலை ஏறத்தாழ 12 விழுக்காடு உயர்ந்தது. துணி உலர்த்தும் இயந்திரத்துக்கு வரியே இல்லை; ஆனால் அதன் விலையும் கிட்டத்தட்ட அதே அளவு உயர்ந்தது. அமெரிக்கர்கள் இரண்டையும் ஜோடியாக வாங்குவது வழக்கம் என்பதால் கடைக்காரர்கள் கூடுதல் விலையை இரண்டின் மீதும் பிரித்து ஏற்றிவிட்டனர். உள்நாட்டு நிறுவனங்களும் போட்டி தளர்ந்ததைப் பயன்படுத்தி விலையை உயர்த்தின. சுமார் 1,800 புதிய வேலைகள் உருவாயின என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். நுகர்வோர் கூடுதலாகக் கொடுத்த பணத்தில் வரியாக அரசுக்குச் சேர்ந்ததைக் கழித்துப் பார்த்தால், ஒரு வேலைக்கு ஆன செலவு ஏறத்தாழ 8,15,000 டாலர்.

ஒன்றோடொன்று முரண்படும் மூன்று நோக்கங்கள்

அரசுகள் சுங்கவரி விதிப்பதற்கான காரணங்களை மூன்றாகத் தொகுக்கலாம்: கருவூலத்துக்கு வருவாய் சேர்ப்பது, உள்நாட்டுத் தொழிலைக் காப்பது, பிற நாடுகளோடு பேரம் பேசுவது. அமெரிக்க வணிகக் கொள்கையின் வரலாற்றை எழுதிய டக்ளஸ் இர்வின் இந்த மூன்றையும் வைத்தே அந்நாட்டின் வரலாற்றை மூன்று காலங்களாகப் பிரிக்கிறார்.

ஒரே வரி இந்த மூன்று வேலைகளையும் ஒருசேரச் செய்துவிடும் என்று அரசியல் மேடைகளில் சொல்லப்படுவதுண்டு. சற்று யோசித்தால் அது நடவாதது என்பது விளங்கும். வருவாய் வேண்டுமென்றால் இறக்குமதி தொடர்ந்து நடக்க வேண்டும். வராத சரக்கு வரி தராது. உள்நாட்டுத் தொழிலைக் காக்க வேண்டுமென்றால் இறக்குமதி குறைய வேண்டும். பேரத்துக்கு என்றால், எதிர்த் தரப்பு இறங்கி வந்ததும் வரியை எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டால் வருவாயும் போகும், பாதுகாப்பும் போகும். எந்த அரசும் இவற்றில் ஒன்றைப் பெறும்போது மற்ற இரண்டில் எதையாவது இழக்கவே செய்கிறது.

வருவாயிலிருந்து பேரத்துக்கு

அமெரிக்கக் கூட்டாட்சி அரசு பிறந்ததும் நிறைவேற்றிய தொடக்கச் சட்டங்களுள் ஒன்று 1789 ஜூலை 4 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் கையெழுத்திட்ட சுங்கவரிச் சட்டம். வருமானவரி இல்லாத காலம் அது. 1913-இல் வருமானவரி நிலைபெறும் வரை, நூறாண்டுக்கு மேலாக, அமெரிக்க அரசின் முதன்மையான வருவாய்களில் ஒன்றாகச் சுங்கவரியே இருந்தது.

வடக்கு மாநிலங்களின் ஆலைகள் பிரிட்டிஷ் சரக்குகளுக்கு உயர்ந்த வரி கேட்டன. பருத்தியை விற்று ஆலைப்பொருள்களை வாங்கிய தெற்கு மாநிலங்கள் அதை வெறுத்தன. 1828-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தெற்கத்தியர் 'அருவருப்பான வரி' என்றே அழைத்தனர். 1832-இல் தென் கரோலினா மாநிலம், கூட்டாட்சியின் சுங்கவரிச் சட்டங்கள் தன் எல்லைக்குள் செல்லாது என்று அறிவித்தது. குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் படைபலத்தைக் காட்டினார். 1833-இல் வரியைப் படிப்படியாகக் குறைக்கும் சமரசச் சட்டம் வந்த பிறகே நெருக்கடி தணிந்தது. ஒரு வரி விகிதத்துக்காக நாடு பிளவின் விளிம்புவரை சென்றது, உள்நாட்டுப் போருக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்.

அடுத்த பெரிய பாடம் 1930-இல் வந்தது. 1,028 பொருளியலாளர்கள் கையெழுத்திட்டு வேண்டாம் என்று சொல்லியும், ஸ்மூட்-ஹாலி சட்டத்தில் குடியரசுத் தலைவர் ஹூவர் அந்த ஜூனில் கையெழுத்திட்டார். ஆயிரக்கணக்கான பொருள்களுக்கு வரி ஏறியது. முட்டைக்கு டஜனுக்கு 8 சென்ட்டாக இருந்த வரி 10 சென்ட் ஆனது. கனடா தன் முட்டை வரியை 3 சென்ட்டிலிருந்து அதே 10 சென்ட்டுக்கு உயர்த்தியது. 1929-இல் அமெரிக்கா கனடாவுக்கு 9 லட்சம் டஜனுக்கு மேல் முட்டை விற்றது. 1932-இல் விற்றது அதில் மிகச் சிறு பங்குதான். அப்போதைய பெருமந்தத்துக்கு இந்தச் சட்டமே காரணம் என்பது மிகை. ஆனால் வீழ்ந்துகொண்டிருந்த உலக வணிகத்தை அதுவும், அதற்கு வந்த பதிலடிகளும் மேலும் அமுக்கின என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

அமெரிக்க அரசியலமைப்புப்படி சுங்கவரி விதிக்கும் அதிகாரம் நாடாளுமன்றமான காங்கிரசுக்கு உரியது. 1934-இல் வெளியுறவுச் செயலர் கார்டெல் ஹல் முயற்சியால் வந்த சட்டம், பிற நாடுகள் தங்கள் வரியைக் குறைத்தால் தானும் 50 விழுக்காடு வரை குறைத்துக்கொள்ளும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்கு அளித்தது. சுங்கவரி பேரப்பொருளாக முறையாக மாறியது இங்கேதான். அன்று பேரம் என்பது 'நீ குறை, நானும் குறைக்கிறேன்' என்ற திசையில் இருந்தது. 1947-இல் உருவான காட் ஒப்பந்தமும் 1995-இல் தொடங்கிய உலக வணிக அமைப்பும் அத்திசையிலேயே நடந்தன. 1962, 1974-ஆம் ஆண்டுச் சட்டங்கள் நாட்டுப் பாதுகாப்பு, நேர்மையற்ற வணிகம் ஆகிய காரணங்களைச் சொல்லி இறக்குமதியைக் கட்டுப்படுத்தவும் வரியை உயர்த்தவும் குடியரசுத் தலைவருக்கு வழிவிட்டன. பிற்காலத்தில் 'நீ இறங்காவிட்டால் நான் ஏற்றுவேன்' என்ற பேரத்துக்கு அந்தக் கதவுகளே பயன்பட்டன.

கோழி வரி

பேரத்துக்காகப் போட்ட வரி என்ன ஆகும் என்பதற்கு மிகச் சிறந்த சான்று, 'கோழி வரி' என்று அழைக்கப்படும் அமெரிக்க வரி.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் பண்ணைகள் தொழிற்சாலை முறையில் கோழி வளர்க்கத் தொடங்கின. விலை மலிந்த அந்தக் கோழி மேற்கு ஜெர்மனியில் அமோகமாக விற்றது; ஐரோப்பிய விவசாயிகள் முறையிட்டனர். அன்று ஆறு நாடுகளைக் கொண்டிருந்த ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1962-இல் கோழிக்குக் கடும் பொது வரி விதித்தது. அமெரிக்கக் கோழி விற்பனை சரிந்தது. பேச்சுவார்த்தைகள் பலன் தரவில்லை. அமெரிக்காவுக்கு ஏற்பட்ட இழப்பு 26 மில்லியன் டாலர் என்று காட் அமைப்பின் குழு மதிப்பிட்டது.

அந்த அளவுக்குப் பதிலடி கொடுக்க அமெரிக்காவுக்கு உரிமை கிடைத்தது. 1963 டிசம்பரில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் நான்கு பொருள்களுக்கு வரியை உயர்த்தினார்: உருளைக்கிழங்கு மாவுப்பொருள், டெக்ஸ்ட்ரின், பிராந்தி, இலகுரக டிரக் வண்டிகள். டிரக்குக்கான வரி 25 விழுக்காடு. காட் விதிப்படி ஒரு நாட்டை மட்டும் குறிவைத்து வரி போட முடியாது. எல்லா நாட்டுச் சரக்குக்கும் ஒரே விகிதம்தான். எனவே பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வரும் பொருள்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தனர். டிரக் என்றதும் மனத்தில் இருந்தது மேற்கு ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் வண்டி. அந்த இறக்குமதி குறித்து வாகனத் தொழிலாளர் சங்கத் தலைவர் வால்டர் ராய்த்தருக்கு இருந்த மனக்குறையும், 1964 தேர்தலை எதிர்நோக்கியிருந்த ஜான்சனுக்கு அந்தச் சங்கத்தின் நல்லெண்ணம் தேவைப்பட்டதும் பின்னாளில் வெளியான வெள்ளை மாளிகை ஒலிப்பதிவுகளில் தெரிகின்றன. கோழிப் பண்ணையாளருக்காகத் தொடங்கிய சண்டையில் டிரக் இப்படித்தான் ஏறிக்கொண்டது.

பேரம் தோற்றது. ஐரோப்பா கோழி வரியைக் கைவிடவில்லை. மற்ற மூன்று பொருள்களின் கூடுதல் வரி காலப்போக்கில் நீங்கியது. டிரக் வரி மட்டும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. எல்லா நாட்டுக்கும் பொதுவான வரி என்பதால், 1964-இல் கணக்கிலேயே இல்லாத ஜப்பானியச் சிறு டிரக்குகளை அது பிற்பாடு தடுத்து நிறுத்தியது. டெட்ராய்ட் நிறுவனங்களின் லாபத்தில் பெரும்பங்கு பிக்கப் டிரக்குகளிலிருந்து வரத் தொடங்கிய பின், அந்த வரியை நீக்கச் சொல்ல எந்த அரசியல்வாதிக்கும் துணிவு வரவில்லை. கோழி மறந்துபோயிற்று; வரிக்குப் புதிய காவலர்கள் கிடைத்துவிட்டனர்.

வரியைச் சுற்றிப் போக நிறுவனங்கள் செய்த வேலைகள் சுவையானவை. பயணிகள் காருக்கான வரி வெறும் 2.5 விழுக்காடு. எனவே ஜப்பானின் சுபாரு நிறுவனம் தன் சிறு டிரக்கின் சரக்குத் தட்டில் இரண்டு பிளாஸ்டிக் இருக்கைகளைப் பொருத்தி அதைப் பயணிகள் வண்டி ஆக்கியது. இதில் விந்தை, வரியால் காக்கப்படும் அமெரிக்க நிறுவனமான ஃபோர்டே பிற்காலத்தில் அதே வழியில் போனதுதான். துருக்கியில் செய்த டிரான்சிட் கனெக்ட் வேன்களைப் பின் இருக்கைகளோடும் பின் ஜன்னல்களோடும் பயணிகள் வண்டியாக இறக்குமதி செய்தது. சுங்கம் தாண்டியதும் இருக்கைகளைக் கழற்றி, ஜன்னல் கண்ணாடிக்குப் பதில் தகடு பொருத்தி, சரக்கு வேனாக விற்றது. 2013-இல் சுங்கத்துறை இதை ஏற்க மறுத்தது. வழக்கு மேல்முறையீடு வரை சென்று 2019-இல் ஃபோர்டுக்கு எதிராக முடிந்தது. 2024-இல் 365 மில்லியன் டாலர் செலுத்த அந்நிறுவனம் இணங்கியது.

பதிலடியின் கணக்கு

பதிலடி வரி போடுபவர்கள் பொருளை மட்டும் பார்ப்பதில்லை. அது எந்தத் தொகுதியில் விளைகிறது என்பதையும் பார்க்கிறார்கள். 2018-இல் அமெரிக்கா எஃகுக்கு 25 விழுக்காடும் அலுமினியத்துக்கு 10 விழுக்காடும் வரி விதித்தபோது, ஐரோப்பிய ஒன்றியம் பூர்பன் விஸ்கியையும் ஹார்லி-டேவிட்சன் மோட்டார் சைக்கிளையும் தன் பட்டியலில் சேர்த்தது. பூர்பன், அன்றைய செனட் பெரும்பான்மைத் தலைவரின் மாநிலமான கென்டக்கியில் உருவாவது. ஹார்லியின் தலைமையகம் அன்றைய பிரதிநிதிகள் அவைத் தலைவரின் மாநிலமான விஸ்கான்சினில் உள்ளது. ஐரோப்பாவுக்கான தன் வண்டிகளை இனி அமெரிக்காவுக்கு வெளியே தயாரிக்கப் போவதாக ஹார்லி அறிவித்தது. அமெரிக்க வேலைகளைக் காக்க வந்த வரி, சில வேலைகளைக் கப்பலேற்றியது.

இந்தியாவும் இதே கணக்கைப் போட்டது. அமெரிக்கா அளித்துவந்த வரிச்சலுகையை 2019 ஜூனில் விலக்கிக்கொண்டதும், அடுத்த சில நாள்களில் இந்தியா 28 அமெரிக்கப் பொருள்களுக்குக் கூடுதல் வரி விதித்தது. கலிபோர்னியாவின் பாதாம், வாஷிங்டன் மாநிலத்தின் ஆப்பிள் ஆகியவை அவற்றில் அடக்கம். ஆப்பிள் வரி 50-இலிருந்து 70 விழுக்காடு ஆனது. 2023-இல் இரு நாடுகளும் உலக வணிக அமைப்பில் இருந்த வழக்குகளை முடித்துக்கொண்டபோது ஆப்பிள், பாதாம், கொண்டைக்கடலை உள்ளிட்டவற்றின் கூடுதல் வரி நீங்கியது. அந்த நாலாண்டும் அதை ஒரு பாதுகாப்பாகக் கண்ட இமாசல, காஷ்மீர் ஆப்பிள் விவசாயிகள் இப்போது முறையிட்டனர். பேரம் முடிந்தாலும் வரிக்குப் பழகியவர்கள் இருக்கவே செய்கிறார்கள்.

அமெரிக்க-சீன மோதலில் அடிபட்டவர்கள் சோயா விவசாயிகள். 2018 ஜூலையில் சீனா அமெரிக்கச் சோயாவுக்கு 25 விழுக்காடு வரி விதித்துவிட்டுப் பிரேசிலிடம் வாங்கியது. விவசாயிகளுக்கு நிவாரணமாக அமெரிக்க அரசு 2018-இல் 12 பில்லியன் டாலரும் 2019-இல் 16 பில்லியன் டாலரும் அறிவிக்க வேண்டியதாயிற்று. ஒரு கையால் வாங்கிய வரியை மறு கையால் பங்கிட்ட கதை இது. 2020 ஜனவரியில் கையெழுத்தான ஒப்பந்தத்தில், இரண்டாண்டில் 200 பில்லியன் டாலர் மதிப்புக்குக் கூடுதலாக அமெரிக்கப் பொருள்களையும் சேவைகளையும் வாங்குவதாகச் சீனா உறுதியளித்தது. அந்த உறுதி நிறைவேறவில்லை.

வணிகத்துக்கு அப்பாலான கோரிக்கைகள்

இந்தப் பேரங்கள் எல்லாம் வணிகத்தைப் பற்றியவை. அடுத்த கட்டத்தில் கோரிக்கையே வேறாயிற்று. 2019 மே இறுதியில், எல்லை தாண்டி வரும் அகதிகளைத் தடுக்காவிட்டால் மெக்சிகோவின் எல்லாப் பொருளுக்கும் 5 விழுக்காட்டில் தொடங்கி 25 வரை வரி ஏறும் என்று குடியரசுத் தலைவர் டிரம்ப் அறிவித்தார். ஜூன் 7 அன்று உடன்பாடு வந்தது. வரி விதிக்கப்படவே இல்லை. 2025 ஜனவரியில் நாடுகடத்தப்பட்டவர்களை ஏற்றி வந்த விமானங்களைக் கொலம்பியா திருப்பியனுப்பியபோதும் 25 விழுக்காடு மிரட்டல் வந்தது. அன்றே விவகாரம் முடிந்தது. மிரட்டுபவருக்கும் செலவில்லாத சுங்கவரி, விதிக்கப்படாத சுங்கவரிதான். விதித்த மறுகணம் அது சொந்த மக்கள் கட்டும் வரியாகிவிடுகிறது.

எல்லா நாடும் கொலம்பியா அன்று. 2025 ஏப்ரலில் அமெரிக்காவும் சீனாவும் மாறிமாறி ஏற்றியதில் வரி ஒரு பக்கம் 145, மறுபக்கம் 125 விழுக்காட்டைத் தொட்டது. மின்னணுவியல், மோட்டார் தொழில்களுக்கு இன்றியமையாத அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதியைச் சீனா கட்டுப்படுத்தியது. மே மாதம் ஜெனீவாவில் இருவரும் இறங்கினர். பிரேசில் மீதான 50 விழுக்காடு வரிக்கு, முன்னாள் குடியரசுத் தலைவர் பொல்சனாரோ மீதான வழக்கும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ஒரு நீதிமன்ற வழக்குக்குக் காபித்தூள் விலையில் பதில் சொல்லும் நிலை அது.

இந்த வரிகளில் பெரும்பாலானவை 1977-ஆம் ஆண்டின் பன்னாட்டு அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டத்தின் பெயரில் விதிக்கப்பட்டன. அந்தச் சட்டத்தில் சுங்கவரி என்ற சொல்லே இல்லை. சிறு இறக்குமதி நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2025 மே மாதம் பன்னாட்டு வணிக நீதிமன்றமும், ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. நவம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றத்தில் நடந்த வாதம், சுங்கவரியின் இரட்டைத் தன்மையைப் பற்றிய விவாதமாகவே அமைந்தது. இது வெளிநாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் கருவி, வருவாய் அதன் பக்க விளைவு மட்டுமே என்றார் அரசு வழக்கறிஞர். இது அமெரிக்கர்கள் மீதான வரி, வரி விதிப்பது எப்போதும் காங்கிரசின் அடிப்படை அதிகாரம் என்பதைத் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் சுட்டிக்காட்டினார். வருவாய் பக்க விளைவு என்று நீதிமன்றத்தில் சொன்ன அதே நிர்வாகம், வெளியே அந்த வருவாயின் அளவைப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தது.

திருப்பூரில்

2025 ஆகஸ்ட் 7 முதல் இந்தியப் பொருள்களுக்கு 25 விழுக்காடு கூடுதல் வரி நடைமுறைக்கு வந்தது. ரஷ்யாவிடம் இந்தியா கச்சா எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25 விழுக்காடு சேர்ந்தது. மருந்துகளும் கைப்பேசிகளும் விலக்குப் பெற்றன. ஆடை, இறால், தோல், வைரம் ஆகியவற்றுக்கு விலக்கு இல்லை. எண்ணெய் வாங்கிய சுத்திகரிப்பு ஆலைக்கும் பனியன் தைக்கும் தொழிலாளிக்கும் ஒரு தொடர்பும் இல்லை; பேரத்தில் அடி விழுந்தது பின்னவர் மீது.

இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்து போகிறது. அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்கு. பருத்தி டி-சட்டைக்கு அமெரிக்காவின் வழக்கமான வரியே 16.5 விழுக்காடு. 4 டாலர் மதிப்புள்ள சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டால், முன்பு அதற்கு வரி 66 சென்ட். 50 விழுக்காடு சேர்ந்ததும் அது 2 டாலர் 66 சென்ட் ஆனது. அப்போது வங்கதேசம், வியட்நாம், இலங்கை ஆகியவற்றுக்குக் கூடுதல் வரி 20 விழுக்காடு என்பதால், அதே விலைச் சட்டைக்கு அங்கிருந்து வந்தால் வரி 1 டாலர் 46 சென்ட். ஏப்ரலில் இலங்கைக்கு முதலில் அறிவித்தது 44 விழுக்காடு. பேச்சுவார்த்தையில்தான் 20-க்கு இறங்கியது. ஆடைத் தொழிலில் லாப விகிதம் மெல்லியது. ஒரு சட்டைக்கு 1 டாலர் 20 சென்ட் வேறுபாட்டைத் தாங்கும் ஏற்றுமதியாளர் எவரும் இல்லை. அமெரிக்க வணிகர்கள் ஆர்டர்களை நிறுத்தி வைத்தனர், தள்ளுபடி கேட்டனர். வேறு நாட்டுக்கு மாற இடமுள்ளவர் வாங்குபவர்தான் என்பதால் இங்கே சுமையின் ஒரு பகுதி விற்பவர் பக்கம் சாய்ந்தது. சுமை எப்போதும் வாங்கும் நாட்டின் மீதே விழும் என்ற விதிக்கு இது ஒரு திருத்தம்.

இந்தியாவிடமும் ஒரு சுங்கவரி இருந்தது. வெளிநாட்டுப் பஞ்சுக்கு 11 விழுக்காடு இறக்குமதி வரி. அதை நீக்கும்படி கோவை, திருப்பூர் ஆலைகள் நெடுநாளாகக் கேட்டுவந்தன. வரி நீங்கினால் வெளிநாட்டுப் பஞ்சு வந்து விலை விழும் என்று பருத்தி விவசாயிகளின் சங்கங்கள் எதிர்த்துவந்தன. 2025 ஆகஸ்ட் 19 அன்று ஒன்றிய அரசு அந்த வரியைச் செப்டம்பர் இறுதி வரை நிறுத்திவைத்தது. பின்னர் அந்தச் சலுகை டிசம்பர் 31 வரை நீண்டது. அக்டோபரில் புதுப் பருத்தி சந்தைக்கு வந்தபோது, வரியில்லாமல் இறங்கிய வெளிநாட்டுப் பஞ்சோடு அது போட்டியிட வேண்டியிருந்தது.